கதவு திறந்திருந்த பூசை

படுத்துவிட்டேன். முகம் தரையில். இடது காதில் தொலைபேசி. ஷெல் வருகிறது.

முதலில் தூரத்தில் ஒரு ‘தும்’. அது புறப்படும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் நீளம். பிறகு கூவிக்கொண்டு வரும். கூவல் நீண்டால் தலைக்கு மேலால் போகிறது. கூவல் சட்டென்று நின்றால் போகவில்லை.

நின்றது.

“படுங்கோ! எல்லாரும் படுங்கோ!”

யாரோ ஓர் ஆண் கத்துகிறார். வெடிக்கிறது. தொலைபேசிக்குள் அது வெடியாகக் கேட்கவில்லை. தகரம் கிழிகிற சத்தம். பிறகு இரைச்சல். இரைச்சலுக்குள் என் தங்கச்சி தவமணியின் மூச்சு. பிறகு அதுவும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது.

நான் கிடப்பது ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், என் வீட்டுக் குசினித் தரையில். 2009, மாசி மாதம். வெளியே ட்ராம் போகிறது. அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிறது. ஷெல் விழுந்தது வன்னியில். ஆயிரக்கணக்கான மைலுக்கு இந்தப் பக்கம் ஒருவன் தரையில் விழுந்து படுத்தால் சிரிப்பு வரவேண்டும். என் மனைவி சாந்தி சிரிக்கவில்லை. அவளும் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தாள். யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். ஓடி வந்து கனகாலம். உடம்பு இன்னும் நம்பவில்லை.

தவமணியைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு ஒரே தங்கச்சி. கலியாணம் கட்டவில்லை. பாலர் பாடசாலை ரீச்சர். வன்னியில் படிப்பிக்கப் போனவள், போர் துரத்தத் துரத்த இடம் மாறி மாறி, கடைசியில் கடற்கரை மணலில் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ் வந்து நின்றாள். அங்கே யாரிடமோ ஒரு செய்மதித் தொலைபேசி இருந்தது. அதற்கு வரிசை. வரிசையில் நிற்கும்போதும் ஷெல் விழும். நாங்கள் திருப்பி அழைக்க முடியாது. அவர்கள் எடுத்தால்தான் உண்டு.

சில நாள் கழித்து எடுத்தாள்.

“இருக்கிறன் அண்ணை. பயப்பிடாதையுங்கோ. அண்டைக்கு விழுந்தது தள்ளி.”

அழுதேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அன்று ஒரு முறைப்பாடு இருந்தது. பக்கத்துத் தறப்பாள் அந்தோனிப்பிள்ளையைப் பற்றி. வேதக்காரர், கத்தோலிக்கர். மன்னார்ப் பக்கத்து மீனவர். மனைவி றெஜினா. சின்ன மகள் டிலானி. பதுங்குவதற்குப் பங்கர் வெட்டியது அவர். தனியாக நின்ற என் தங்கச்சியைக் கூப்பிட்டு உள்ளே விட்டவரும் அவர்.

“அந்த மனுசனோட ஏலாது அண்ணை. அஞ்சாறு பேருக்கு வெட்டின பங்கர். இப்ப அதில இரட்டி மடங்கு சனம். இன்னும் ஆரும் ஓடி வந்தால் வாங்கோ வாங்கோ எண்டுறார். நான் கால் நீட்டி எத்தினை நாள்.”

“நீ ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொன்னனான். அதுக்கு அவர் கேக்கிறார், ‘ரீச்சர், வெளியில நிக்கிறது நீங்கள் எண்டால், வாசல்ல ஆர் இருக்கோணும் எண்டு ஆசைப்படுவியள்? என்னை மாதிரி ஆளோ, உங்களை மாதிரி ஆளோ?’ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? காலை மடக்கிக்கொண்டு இருக்கிறன்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

தன்னைப்போல் பிறரையும் நினை. இதை எத்தனை இடத்தில் கேட்டிருப்பேன். எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு பாத்திரம் கழுவும் துருக்கிக்காரர் தங்கள் பள்ளிவாசலிலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்றார். அந்த ஆஸ்பத்திரிச் செபக்கூடத்துச் சுவரிலும் இதே கருத்து ஜெர்மனில் எழுதியிருக்கிறது. எல்லாச் சமயமும் சொல்கிறது. யாரும் மறுப்பதில்லை. கால் மடக்கவேண்டி வரும் என்று மட்டும் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்த அழைப்பு. குரல் தட்டையாக இருந்தது. அந்தோனிப்பிள்ளை செத்துப்போனார்.

ஷெல் தொடங்கியதும் எல்லோரும் உள்ளே. வெளியே கைக்குழந்தையோடு ஒரு பெண், எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றாள். அவர் ஏறிப் போனார். அவளைத் தள்ளி உள்ளே விட்டார். அவர் இறங்கவில்லை. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

அடக்கச் செபம் சொல்லச் சாமியார் இல்லை. தேடப் போகவும் முடியாது. ஷெல் ஓய்ந்த நேரத்தில் கிடங்கு வெட்டினார்கள். றெஜினாவால் வாய் திறக்க முடியவில்லை. தவமணி செபம் சொன்னாள். சின்ன வயதில் கொன்வென்டில் படித்தவள். அங்கே கேட்ட செபம்.

“பாதிதான் ஞாபகம் வந்துது அண்ணை. மிச்சம் வரேல்லை. பாதியோட மண்ணைப் போட்டம்.”

அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். வைத்துவிட்டாள்.

பிறகு அழைப்பு இல்லை. நான் தொலைபேசியைக் குளிக்கப் போகும்போதும் கொண்டு போனேன். வேலையில் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு மேல் வைத்தேன். மெஷின் இரைச்சலில் கேட்காமல் போய்விடுமோ என்று துருக்கிக்காரரை அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் வெளியே போய் வருவேன். அவருக்குத் தமிழ் தெரியாது. தொலைபேசி அடித்தால் என்னைக் கத்திக் கூப்பிடத் தெரியும்.

பங்குனி தொடங்கியிருந்தது. வேலையில் நிற்கும்போது அடித்தது. பெண் குரல். தவமணி இல்லை.

“அண்ணை, நான் றெஜினா. ரீச்சரின்ர பக்கத்துத் தறப்பாள்.”

எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு நேரமில்லை. வரிசையில் சனம் நின்றது. வேகமாகச் சொன்னாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல். நெஞ்சில் சன்னம், ஷெல் துண்டு. கொண்டுவந்து கிடத்தியபோது உயிர் இல்லை.

“அண்ணை, உங்கட ஆக்கள் எரிக்கிறவை. எனக்குத் தெரியும். எரிக்க ஏலாது. புகை கண்டால் அடிப்பாங்கள் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். தாட்டுப்போட்டம். குறை நினையாதையுங்கோ.”

“இல்லைத் தங்கச்சி.”

“குளிப்பாட்டத் தண்ணி இல்லை. முகம் துடைச்சனான். வாய்க்கரிசி போட்டனான்.”

அரிசி. அந்த மணலில் அப்போது ஒரு பிடி அரிசி என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். டிலானியின் கஞ்சிக்கு வைத்திருந்த அரிசி அது. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வேறெங்கிருந்து வந்திருக்கும்?

“என்ன திகதி எண்டு கேக்காதையுங்கோ அண்ணை. எங்களுக்கு இப்ப நாள் தெரியாது. ஆனால் உங்களுக்குத் திதி வேணுமெல்லோ. ரீச்சர் தாயின்ர திதிக்கு விரதம் இருக்கிறவ. அதால தெரியும். அண்டைக்குப் பின்னேரம் வெளியில ஏறி நிலவைப் பாத்தனான். புதுப் பிறை. மெல்லிசு. முதல் நாள் பின்னேரம் தேடியும் காணேல்லை எண்டு பக்கத்து ஐயா சொன்னார். மூன்றாம் பிறையாத்தான் இருக்கோணும்.”

ஏறி நின்று பார்த்தாள். புருசன் ஏறிப் போய்த் திரும்பாத அதே வாசலால் ஏறினாள். அவளுடைய சமயத்தில் திதி என்று ஒன்று இல்லை. பிறையைப் பார்த்து அவளுக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை.

நான் கேட்டேன், உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்று. வேறு என்ன கேட்க? பணம் அனுப்ப வழியில்லை. சாப்பாடு அனுப்ப வழியில்லை.

“என்ர இவருக்கு ஒரு பூசை ஒப்புக்குடுங்கோ அண்ணை. பேர் சொல்லி. ரீச்சர் பாதிச் செபம் சொன்னவ. மிச்சத்தை ஒரு சாமியார் சொல்லட்டும். செய்துபோட்டு எனக்குச் சொல்லுங்கோ. நான் பிறகு எடுக்கிறன்.”

“செய்யிறன் தங்கச்சி. நீங்கள் எடுங்கோ.”

அறுந்தது.

அன்று நான் சத்தம்போட்டு அழுதேன். துருக்கிக்காரர் மெஷினை நிறுத்தினார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. எங்களுக்கு முப்பத்தொரு நாள். அதுவரை கோயிலுக்குள் போகக்கூடாது. நான் பூசைக்குச் சொல்லப் புறப்பட்டபோது சாந்தி மறித்தாள்.

“துடக்கோட கோயிலுக்கோ?”

“அது வேதக்கோயில்.”

“கோயில் கோயில்தானே.”

எனக்கும் மனதுக்குள் அதே தடுமாற்றம். அவர்களுடைய கோயிலை எங்களுடையதைவிடக் குறைவாக நினைத்தால்தானே துடக்கோடு நுழைய வரும்? ஆனால் முப்பத்தொரு நாள் பொறுக்கவும் முடியாது. அங்கே ஒருத்தி எப்போது வேண்டுமானாலும் எடுப்பாள். போவோம், உள்ளே போகாமல் நிற்போம் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் தெரு முடிவில் ஒரு கத்தோலிக்கக் கோயில். அதன் படிக்குக் கீழே மழையில் நின்றேன். போய் வருபவர்கள் பார்த்தார்கள். கனநேரம் கழித்து, கோயிலைப் பராமரிக்கும் அம்மா வெளியே வந்தார். பிறவ் கெல்லர். பிறவ் என்றால் திருமதி. பருத்த உருவம், கையில் விளக்குமாறு, முகத்தில் கடுப்பு. ஏழைகளுக்கு உடுப்புக் கொடுப்பது நாளைக்கு என்றார் ஜெர்மனில். நான் உடுப்புக்கு வரவில்லை என்றேன். அப்படியென்றால் ஏன் நனைகிறாய், உள்ளே வா என்றார். வரமுடியாது என்றேன். ஏன் என்றார்.

என் ஜெர்மன் சமையலறை ஜெர்மன். துடக்குக்கு அதில் சொல் இல்லை. எங்கள் வீட்டில் சாவு, எங்கள் சமயத்தில் சாவு நடந்தவன் முப்பத்தொரு நாள் கோயிலுக்குள் போகமாட்டான் என்றேன். இது உங்கள் கோயில் இல்லையே என்றார். கடவுளின் வீடுதானே என்றேன்.

எனக்கு அவர் பதில் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் சமயத்தில் துயரப்பட்டவர்கள்தான் முதலில் உள்ளே வருவார்கள், நீயும் வா என்பார். அன்பாகத்தான் சொல்வார். நான் போயும் இருப்பேன். போய்விட்டு வீட்டுக்கு வந்து வெந்திருப்பேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். படி இறங்கி மழைக்குள் வந்து என் பக்கத்தில் நின்றார். யார் இறந்தது என்று கேட்டார்.

சொன்னேன். இறந்தது என் தங்கச்சி. பூசை அவளுக்கு இல்லை. அந்தோனிப்பிள்ளை என்ற ஒருவருக்கு. நான் அவரைக் கண்டதேயில்லை. பிறவ் கெல்லருக்குக் குழப்பம். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பங்கர். கைக்குழந்தை. பாதிச் செபம். அரிசி. பிறை. அவர் தலை நனைந்து முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பெயரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ‘பிள்ளை’ அவர் வாயில் வரவில்லை. விடவில்லை. வரும்வரை சொன்னார். பேர் பிழைத்தால் வேறு யாருக்கோ போய்விடும் என்று முணுமுணுத்தார்.

புதன்கிழமை பின்னேரப் பூசை என்று குறித்தார்கள். சாந்தியும் வந்தாள். குடை பிடித்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றோம். உள்ளே வயதானவர்கள் கொஞ்சம் பேர், கோட்டைக் கழற்றாமல் இருந்தார்கள். மணி அடித்தது. வழக்கமாக அப்போது அந்தப் பெரிய கதவைச் சாத்துவார்களாம். பிறவ் கெல்லர் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து, காற்றில் அடிக்காமல் கதவுக்கொரு கதிரை முட்டுக் கொடுத்தார்.

குளிர்காற்று நேரே உள்ளே போனது. மெழுகுதிரிகள் சாய்ந்தன. யாரோ இருமினார்கள். ஒரு கிழவர் எழும்பிக் கைத்தடியை ஊன்றிக் கதவுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. கதவைப் பிடித்தார். பிறவ் கெல்லர் அவர் காதில் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். கிழவர் எங்களைப் பார்த்தார். பிறகு கழுத்துச் சால்வையை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார். முன்வரிசை வாங்குக்குப் போகவில்லை. கதவடி வாங்கிலேயே, காற்றுக்குள்ளேயே இருந்தார்.

சாமியார் பேர் சொன்னார். அந்தோனிப்பிள்ளை. திருத்தமாக வந்தது. சாந்தி என் கையை இறுக்கினாள். பிறகு எல்லோரும் சேர்ந்து அந்தச் செபத்தைச் சொன்னார்கள். முழுவதும். எனக்கு அதில் ஒரு சொல்லும் பாடமில்லை. முடியும்வரை தலை குனிந்து நின்றேன்.

முப்பத்தோராம் நாள் தவமணிக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தோம். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, மாசி மாதத்து அமாவாசைக்குப் பிந்திய திருதியை என்றார். இவ்வளவு துல்லியமாக ஆர் சொன்னது என்று கேட்டார். வன்னியில் இருந்து வருகிற சாவுகளுக்கு அவருக்குத் திதியே கிடைப்பதில்லையாம்.

“ஒரு வேதக்கார மனுசி பாத்துச் சொன்னவ ஐயா.”

ஐயர் பஞ்சாங்கத்தை மூடினார். “அவ சுகமா இருக்கோணும்” என்றார். தொடங்கினார்.

பிறகு நான் காத்திருந்தேன். என் வாயில் ஒரே வசனம். பூசை ஒப்புக்குடுத்தாச்சுத் தங்கச்சி. பேர் சரியாச் சொன்னவை. கதவைத் திறந்து வைச்சவை. ஒரு கிழவர் குளிருக்குள்ள இருந்தவர். முழுச் செபமும் சொன்னவை. நேரம் குறைவாக இருந்தால் எதைச் சொல்வது, கொஞ்சம் கிடைத்தால் எதைக் கூட்டுவது என்று ஒத்திகை பார்த்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். துருக்கிக்காரர் யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டார்.

பங்குனி முடிந்தது. சித்திரை முடிந்தது. தொலைபேசி அடிக்கும். உறவினர், நண்பர், வேலை இடம். யார் குரலானாலும் எனக்குக் கோபம் வந்தது. வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. நாங்கள் கூடியிருந்து பார்த்தோம். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

ஆவணியில் ஒரு தொடர்பு கிடைத்தது. தேவன் என்ற ஒருவர், தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்த முகாமில் இருந்து. தவமணிக்கும் றெஜினாவுக்கும் பக்கத்தில் தறப்பாள் போட்டிருந்தவர். கையடக்கத் தொலைபேசியில் ரகசியமாகக் கதைத்தார். றெஜினா எங்கே என்று கேட்டேன்.

“பிள்ளையைத் தோளில வைச்சுக்கொண்டு சனத்தோட போனதைக் கண்டனான் அண்ணை. பின்னால ஷெல் அடிச்சது. பிறகு காணேல்லை.”

“முகாமில இல்லையோ?”

“கேட்டுப் பாத்தன். கண்டவை ஒருத்தரும் இல்லை.”

“என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ? பூசை ஒண்டைப் பற்றி?”

“ஒண்டும் சொல்லேல்லை. அப்ப ஆர் ஆரோட கதைச்சது அண்ணை?”

பலருக்கு எழுதினேன். கேட்டேன். யாருக்கும் தெரியாது.

கார்த்திகை, நவம்பர் தொடக்கம். இங்கே கத்தோலிக்கர் இறந்தவர்களை நினைக்கும் நாள் வந்தது. அந்த வருடம் இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் வாசிப்பார்கள். எனக்குத் துடக்குக் கழிந்து மாதங்கள். படி ஏறி உள்ளே போனேன். பிறவ் கெல்லர் என்னை அடையாளம் கண்டு கை துடைத்துக்கொண்டு வந்தார். இன்னும் ஒரு பேர் இருக்கிறது என்றேன். இரண்டு பேர் என்று திருத்தினேன். றெஜினா. டிலானி.

அந்தப் பேர்கள் அவருக்குச் சுலபமாக வந்தன. பிறகு கேட்டார். வேலையின் பாகமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். உயிரோடு இருப்பவர்களுக்கா, இறந்தவர்களுக்கா?

இறந்தவர் என்று சொன்னால் நான் அவளைக் கொல்கிறேன். உயிரோடு என்று சொன்னால், அவள் ஒருவேளை மணலில் கிடந்தால், அவளுக்கு ஒரு செபமும் இல்லாமல் போகிறது. அவள் இடத்தில் நான் இருந்தால் எதை விரும்புவேன் என்று யோசித்தேன். எனக்கு அதற்கும் பதில் வரவில்லை. பிறவ் கெல்லர் அவசரப்படுத்தவில்லை. பேர்கள் வாசிக்கப்படாமலே அந்த நாள் போனது.

மறக்கக்கூடாது என்பதற்காகக் கணக்கை எழுதி வைக்கிறேன்.

தவமணி. என் தங்கச்சி. பாலர் பாடசாலை ரீச்சர். மணலில் புதைக்கப்பட்டாள். இடம் தெரியாது. திதி தெரியும்.

அந்தோனிப்பிள்ளை. மீனவர். பங்கர் வெட்டியவர். இடம் தெரியாது. நாள் தெரியாது. பூசை நடந்தது.

ஒரு தாய், ஒரு கைக்குழந்தை. அன்று தப்பினார்கள். பேர் தெரியாது. பிறகு என்ன ஆனார்கள் என்றும் தெரியாது.

றெஜினா, டிலானி. எந்தக் கணக்கிலும் போட என்னால் முடியவில்லை.

ஒரு பதில். செய்தாச்சுத் தங்கச்சி என்பது. றெஜினா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். போய்ச் சேரவில்லை.